அந்த மூணாவது உருண்டை

அணுகுண்டுன்னு சொன்னதும் எல்லாருக்கும் அந்த காளான் மேகம் தான் கண்ணு முன்னாடி வரும், எனக்கும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. ஸ்கூல் புக்ல ஒரு கருப்பு வெள்ளை போட்டோ, கீழ ரெண்டு வரி, எத்தனை பேர் செத்தாங்கன்னு ஒரு நம்பர், பரீட்சையில வந்தா ரெண்டு மார்க். நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடாதுன்னு சொல்வாங்கள்ல, அது மாதிரி தான், ஒரு லட்சத்து நாப்பதாயிரம்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

அதை மாத்தினது வேற ஒரு போட்டோ. ராத்திரி ஒரு மணிக்கு தூக்கம் வராம போன்ல எதையோ தேடி எங்கயோ போய் நின்னப்போ கண்ணுல பட்டுச்சு. ஒரு மேஜை, அது மேல கிண்ணம் மாதிரி ரெண்டு அரை உருண்டை, ஒண்ணு மேல ஒண்ணு, முழுசா மூடல, இடுக்குல ஒரு ஸ்க்ரூட்ரைவர் முனை, அதைப் புடிச்சிருக்கற ஒரு கை. ஏதோ பழைய மெஷினை ரிப்பேர் பண்ற மாதிரி தான் இருக்கு. ஒரு விபத்து நடந்து முடிஞ்ச பிறகு, எப்படி நடந்துச்சுன்னு பார்க்க திரும்ப அதே மாதிரி வெச்சு எடுத்த போட்டோ அது. அந்தக் கிண்ணத்துக்குள்ள இருந்த பொருள் தான் ஜப்பான் மேல போட தயாரா இருந்த மூணாவது அணுகுண்டோட உள்கரு. குண்டா அது எந்த ஊர் மேலயும் விழல, ஆனா ரெண்டு பேரைக் கொன்னுடுச்சு. அன்னைக்கு விடியற வரைக்கும் படிச்சேன், அதுக்கப்புறமும் இத்தனை வருஷமா படிச்சிட்டே இருக்கேன், இப்பத்தான் எழுதறேன்.

முதல்ல சைஸ் சொல்லணும், ஏன்னா எனக்கு அது தான் மண்டையில ஏறவே இல்ல. குறுக்களவு சுமார் 9 சென்டிமீட்டர், எடை 6.2 கிலோ. வீட்ல ஒரு பந்தை எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்து பார்த்தேன், உள்ளங்கையில உக்காருது, இதுல ஆறு கிலோவா, ஒரு பச்சைக் குழந்தையோட எடை ரெண்டு மடங்கு? புளூட்டோனியம் ஈயத்தை விட கனம், அதான் விஷயம். மேல நிக்கல் பூச்சு போட்டு வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கும். தொட்டா வெதுவெதுன்னு இருக்குமாம், யாரும் சூடு பண்ணாமலே, ஏன்னா உள்ள அணுக்கள் தானா சிதைஞ்சிட்டே இருக்கு, ஒரு கிலோவுக்கு ரெண்டு வாட் கணக்குல வெப்பம் வந்துட்டே இருக்கும். கேட்ட உடனே எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, உயிர் இருக்கற மாதிரி.

ஆனா தனியா வெச்சா அது சும்மா கிடக்கும். இங்க தான் சயின்ஸ் வருது, பயப்படாதீங்க, கணக்கு எதுவும் இல்ல. புளூட்டோனிய அணுக்கருவுல ஒரு நியூட்ரான் போய் மோதினா அது ரெண்டா உடையும், உடையும்போது ரெண்டு மூணு நியூட்ரானை வெளிய துப்பும், அது போய் அடுத்த கருவை உடைக்கும், அப்படியே தொடரும். ஒரு ரூம்ல வதந்தி பரவற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஆனா ரூம் சின்னது, நாலு பக்கமும் கதவு திறந்திருக்கு, சேதி கேட்டவன் அடுத்தவன் கிட்ட சொல்றதுக்குள்ள வெளிய போயிடறான், அதனால வதந்தி பரவாம செத்துப் போகுது. இப்ப கதவுகளை ஒண்ணொண்ணா சாத்துங்க. சேதி வெளிய போக முடியல, உள்ளயே சுத்துது. அந்த கதவை சாத்தற வேலையைத் தான் உருண்டையைச் சுத்தி வைக்கற டங்ஸ்டன் கார்பைடு கல்லோ பெரிலியம் கிண்ணமோ பண்ணுது, வெளிய ஓடற நியூட்ரானை உள்ள திருப்பி அனுப்புது. ஒரு அணு உடைஞ்சா சராசரியா இன்னும் ஒரு அணு உடையுதுன்னு ஆகற புள்ளி தான் கிரிட்டிக்கல். அதைத் தாண்டிட்டா போச்சு. இதுல ஒரு கொடுமை, மனுஷ உடம்புல பெரும்பங்கு தண்ணி, தண்ணியும் நியூட்ரானைத் திருப்பி அனுப்பும், அதனால பக்கத்துல கையைக் கொண்டு போனாலே அந்தக் கை பாதி சாத்தின ஒரு கதவு தான்.

குண்டுல என்ன பண்றாங்கன்னா, சுத்தி 32 வெடிமருந்துத் துண்டுகளை ஒரே நேரத்துல வெடிக்க வெச்சு உருண்டையை எல்லா பக்கமும் இருந்து நசுக்கறாங்க, நசுங்கினா அணுக்கள் நெருக்கமாகிடும், ஓட இடம் கிடையாது. ஒரு தலைமுறை நியூட்ரான்லேர்ந்து அடுத்த தலைமுறைக்கு ஒரு செகண்டுல பத்து கோடியில ஒரு பங்கு தான் ஆகும். சதுரங்கக் கட்டத்துல ஒண்ணு ரெண்டு நாலுன்னு நெல்லு வெச்ச ராஜா கதை தெரியும்ல, அங்க 64 கட்டம், இங்க சுமார் 80. எண்பது தடவை ரெட்டிப்பாகி முடியறதுக்கு ஒரு செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு போதும், ஒரு ஊர் காலி. 1945 ஆகஸ்ட் 6 காலையில 8:15க்கு ஹிரோஷிமா மேல வெடிச்சது யுரேனிய குண்டு, அது வேற டிசைன், துப்பாக்கி மாதிரி ஒரு துண்டை இன்னொண்ணு மேல சுடறது. அதுல இருந்த 64 கிலோ யுரேனியத்துல ஒரு கிலோ கூட முழுசா உடையல, அதுலயும் ஆற்றலா மாறின பொருளோட எடை ஒரு கிராம் கூட இல்ல, முக்கால் கிராமுக்கும் கொஞ்சம் கம்மி. இந்த முக்கால் கிராமை நான் எத்தனை பேர் கிட்ட சொல்லியிருப்பேன்னு கணக்கில்ல, நம்ப மாட்டேங்கறாங்க.

ஆகஸ்ட் 9 நாகசாகி, அது புளூட்டோனியம், கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு உருண்டை. அன்னைக்கு முதல் குறி கொக்குரா, மேகமும் புகையும் மறைச்சதால மூணு தடவை சுத்திட்டு விமானம் நாகசாகிக்குத் திரும்புச்சு. மறுநாள் ஆகஸ்ட் 10, அணுகுண்டு தயாரிக்கற திட்டத்தோட ராணுவத் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பறார், அடுத்த குண்டு 17 இல்ல 18ஆம் தேதிக்கு மேல வானிலை சரியா இருந்தா போடத் தயாரா இருக்கும்னு. ஏதோ சரக்கு டெலிவரி தேதி சொல்ற மாதிரி. அந்தக் குறிப்பு மேலயே ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல், ஜனாதிபதி தெளிவா அனுமதி தராம ஜப்பான் மேல இதைப் போடக்கூடாதுன்னு எழுதி வெச்சார். ஜனாதிபதி ட்ரூமன் நிறுத்தச் சொன்னார், இன்னொரு லட்சம் பேரைக் கொல்றதை நினைச்சாலே தாங்கலன்னு கேபினெட்ல சொன்னதா ஒரு அமைச்சர் டைரியில எழுதியிருக்கார். 15ஆம் தேதி ஜப்பான் சரணடைஞ்சிடுச்சு. உருண்டை, குண்டை உருவாக்கின லாஸ் அலமோஸ் லேப்லயே தங்கிடுச்சு.

கதை அத்தோட முடிஞ்சிருக்கணும். ஆனா ஒரு வாரம் கூட ஆகல.

ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை ராத்திரி. ஹாரி டாக்லியன், அந்த லேப்ல வேலை பார்த்த இயற்பியலாளர், வயசு 24, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லேபுக்குத் திரும்ப வர்றார். தனியா இந்த வேலை செய்யக்கூடாதுன்னு ரூல், இருந்தாலும் வர்றார், காவலுக்கு ஒரு சிப்பாய் மட்டும் தள்ளி மேஜையில உக்காந்திருக்கார். உருண்டையைச் சுத்தி டங்ஸ்டன் கார்பைடு கல்லை செங்கல் அடுக்கற மாதிரி அடுக்கறது தான் வேலை, ஒவ்வொண்ணும் நாலரை கிலோ கிட்ட. கடைசி கல்லை மேல கொண்டு போறப்போ நியூட்ரானை எண்ணற கவுன்ட்டர் படபடன்னு அடிக்க ஆரம்பிக்குது, இது வெச்சா தாண்டிடும்னு தெரிஞ்சு கையை இழுக்கறார், இழுக்கும்போது கல்லு வழுக்கி நேரா நடுவுல விழுந்துடுச்சு. வலது கையால தட்டி விட்டார். மேஜையைக் கவுக்கப் பார்த்தார், கனம், முடியல, அப்புறம் ஒவ்வொரு கல்லா கையால எடுத்து பிரிச்சார். அந்தக் கை அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு போட்டோ இருக்கு, தேடாதீங்க. 25 நாள் கழிச்சு செப்டம்பர் 15ஆம் தேதி இறந்து போனார்.

இந்த 25 நாள்ல உலகத்துல வேற என்னென்ன நடந்துச்சுன்னு ஒரு நாள் பேப்பர்ல தேதி போட்டு எழுதிப் பார்த்தேன். இந்தக் கட்டுரையை எழுத வெச்சதே அந்தப் பேப்பர் தான்.

டாக்லியனை ஆஸ்பத்திரியில சேர்த்த அதே வாரம், ஆகஸ்ட் 24, டோக்கியோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில நாகா மிதோரின்னு ஒரு நாடக நடிகை இறந்து போறாங்க. ஹிரோஷிமாவுக்கு நாடகக் குழுவோட போயிருந்தவங்க, குண்டு விழுந்தப்போ தங்கியிருந்த வீட்டுக்குள்ள இருந்தாங்க, இடிபாட்டுலேர்ந்து தப்பிச்சு வெளிய வந்து எப்படியோ ரயில் புடிச்சு டோக்கியோ வந்து சேர்ந்தாங்க. பொழைச்சிட்டோம்னு தான் நினைச்சிருப்பாங்க. அப்புறம் முடி கொத்து கொத்தா கொட்டுது, பல்லீறுல ரத்தம், உடம்பெல்லாம் சிவப்பு ஊதா புள்ளி, ஆயிரக்கணக்குல இருக்க வேண்டிய வெள்ளை அணு எண்ணிக்கை நூறுகள்ல நிக்குது. டாக்டர் ட்சுசுகி மசாவ், ரேடியேஷன் பத்தி முன்னாடியே முயல்கள்ல ஆராய்ச்சி பண்ணினவர், பார்த்ததும் அவருக்குப் புரிஞ்சிடுச்சு. அணுகுண்டு நோய்னு அதிகாரப்பூர்வமா எழுதப்பட்ட முதல் மரணம் அவங்களோடது.

மறுநாள் ஆகஸ்ட் 25. அமெரிக்காவுல ஜெனரல் குரோவ்ஸ், குண்டுக்கு யுரேனியம் தயாரிச்ச ஓக் ரிட்ஜ் ஊர் ஆஸ்பத்திரியில இருந்த ராணுவ டாக்டர் ஒருத்தருக்கு போன் பண்றார். ஜப்பான் ரேடியோவுல காயமே இல்லாதவங்க கூட வாரக்கணக்குல கழிச்சு சாகறாங்கன்னு சொல்றாங்களே, என்ன இதுன்னு கேக்கறார். டாக்டர் சொல்ற பதில், நல்ல பிரச்சாரம் அதுன்னு. பேசினது முழுக்க எழுத்துல இருக்கு. அதே நேரத்துல குரோவ்ஸுக்குக் கீழ இருக்கற லேப்போட ஆஸ்பத்திரியில ஒரு பையன், அதே நோயோட, அமெரிக்கன், படுத்துக் கிடக்கான்.

செப்டம்பர் 5, ஆஸ்திரேலிய நிருபர் வில்பிரட் பர்செட் ராணுவ அனுமதி இல்லாம ரயில் ஏறி ஹிரோஷிமா போய்ப் பார்த்து எழுதினது லண்டன் பேப்பர்ல வருது, காயம் படாதவங்களும் இனம் தெரியாத ஏதோ ஒண்ணால செத்துட்டு இருக்காங்கன்னு. நாலு நாள் கழிச்சு குரோவ்ஸ் நிருபர்களைக் கூட்டிட்டுப் போய் நியூ மெக்ஸிகோ பாலைவனத்துல முதல் சோதனை நடந்த குழியைச் சுத்திக் காட்டறார், பாருங்க ஒண்ணும் இல்லைன்னு. ஜப்பான்ல ஆக்கிரமிப்பு ராணுவம் பத்திரிகை தணிக்கை கொண்டு வருது. 15ஆம் தேதி டாக்லியன் போயிடறார். நவம்பர்ல குரோவ்ஸ் செனட் கமிட்டி முன்னாடி உக்காந்து சொல்றார், ரேடியேஷன் சாவுல பெரிய வேதனை எதுவும் இல்லையாம், டாக்டர்கள் சொல்றாங்களாம், அது ரொம்ப சுகமான சாவாம்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சொல்வாங்க. இங்க தன்னோட லேப் பையனுக்கே வந்தும் தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லல. அந்த நேரத்துல டாக்டர்களுக்கே நிறைய விஷயம் தெளிவில்லாம இருந்துச்சுன்னு அவருக்காக வாதாடறவங்க இருக்காங்க. ஆகஸ்ட் மாசத்துக்கு வேணா அதை ஒத்துக்கலாம். நவம்பருக்கு ஒத்துக்க மாட்டேன்.

டாக்லியன் படுக்கை பக்கத்துல மணிக்கணக்கா உக்காந்திருந்த நண்பர்கள்ல ஒருத்தர் லூயி ஸ்லோட்டின். கனடாவுல வின்னிபெக் ஊர்க்காரர், முதல் சோதனைக் குண்டோட உள்கருவைக் கோத்ததுல கை கொடுத்தவர், பூட்ஸும் ஜீன்ஸுமா சுத்தற தைரியசாலின்னு பேர். நண்பனோட கை கொப்புளிச்சதைப் பார்த்தவர், சாகறதைப் பார்த்தவர். அதே மனுஷன் தான் ஒன்பது மாசம் கழிச்சு அதே உருண்டையை ஸ்க்ரூட்ரைவர் வெச்சு நோண்டினார். இது தான் எனக்கு இன்னைக்கும் புரியல. கிண்ணம் முழுசா மூடாம இருக்க நடுவுல துண்டுக் கட்டைகள் வைக்கணும்னு முறை இருக்கு, அதை எடுத்துட்டு ஸ்க்ரூட்ரைவரை செருகிக்கிட்டு, அதைத் திருப்பித் திருப்பி இடைவெளியைக் கூட்டிக் குறைச்சு கவுன்ட்டர் சத்தத்தைக் கேட்டுட்டே வேலை பார்ப்பார். லேப்ல இந்த வேலைக்கு டிராகன் வாலைச் சீண்டறதுன்னு பேரு, நாம புலி வாலுன்னு சொல்வோம். இப்படியே பண்ணிட்டு இருந்தா ஒரு வருஷத்துல செத்துடுவன்னு பெரிய இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி எச்சரிச்சதா சொல்றாங்க. ஏற்கனவே பல தடவை பண்ணியாச்சு, ஒண்ணும் ஆகல, அது தான் பிரச்சனை. பழகின கை.

ஆனைக்கும் அடி சறுக்கும்.

1946 மே 21, அதுவும் செவ்வாய்க்கிழமை, மதியம் மூணு இருபது. அவரோட வேலையை எடுத்துக்கப் போற ஆல்வின் கிரேவ்ஸுக்கு செஞ்சு காட்டறார், கிரேவ்ஸ் அவருக்குப் பின்னாடி ஒட்டி நின்னு தோளுக்கு மேல எட்டிப் பார்க்கறார், ரூம்ல ஸ்லோட்டினையும் சேர்த்து எட்டு பேர். மேல் கிண்ணத்துல இருந்த ஓட்டையில இடது கட்டை விரலை விட்டுப் புடிச்சிருக்கார், வலது கையில ஸ்க்ரூட்ரைவர். வழுக்கிடுச்சு. கிண்ணம் மூடிக்கிச்சு. நீலமா ஒரு பளிச், காத்தே ஒரு கணம் எரிஞ்ச மாதிரி, அனல் அடிச்ச மாதிரி. ஸ்லோட்டின் இடது கையை வெடுக்குன்னு இழுத்து கிண்ணத்தைத் தரையில தள்ளினார். வாய்ல புளிப்பு, இடது கையில எரிச்சல். வெளிய வந்ததும் வாந்தி. அவருக்கு என்ன ஆச்சுன்னு அந்த ரூம்ல எல்லாரை விடவும் அவருக்குத் தான் நல்லா தெரியும், இன்னொருத்தனுக்கு ஆனதைக் கூட இருந்து பார்த்திருக்கார்ல. அந்த நிலைமையிலயும் யார் யார் எங்க நின்னாங்கன்னு படம் வரைஞ்சு வெச்சார், யாருக்கு எவ்வளவு பட்டிருக்கும்னு பின்னாடி கணக்குப் போட.

எனக்குத் தலை சுத்தினது அந்த ஒரு நொடியில எத்தனை அணு உடைஞ்சுதுங்கற கணக்கைப் பார்த்தப்போ தான். சுமார் 3,000 லட்சம் கோடி. பெரிய நம்பரா தெரியுதா? ஹிரோஷிமாவுல உடைஞ்சதோட ஒப்பிட்டா நூறு கோடியில ஒரு பங்கு சொச்சம். அதுல வந்த மொத்த ஆற்றலை வெப்பமாக் கணக்குப் போட்டா ஒரு பெரிய டம்ளர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம், அவ்வளவு தான். மேஜை ஆடல, கண்ணாடி உடையல, உருண்டைக்கு ஒரு கீறல் இல்ல. அந்த டம்ளர் வெந்நீர்ல ஒரு துளி பங்கு தான் ஸ்லோட்டின் உடம்புக்குள்ள போச்சு. இன்னும் கேளுங்க, ஒரு மனுஷனைக் கொல்லப் போதுமான கதிர்வீச்சு உடம்புல இறக்கற மொத்த ஆற்றல் எவ்வளவுன்னா, சூடான டீ மூணு மில்லி குடிச்சா எவ்வளவு சூடு உள்ள போகுமோ அவ்வளவு. அரை வாய் கூட கிடையாது. காய்ச்சல் தெர்மாமீட்டர்ல தெரியவே தெரியாது.

அப்புறம் எப்படி ஆள் சாகறாங்க? டீயோட சூடு உடம்பு முழுக்கப் பரவலா கலந்துடுது. கதிர்வீச்சு அப்படியில்ல, அது ஒவ்வொரு துகளா, குண்டூசி முனை மாதிரி, செல்லுக்குள்ள போய் டிஎன்ஏ இழையை அறுக்குது. அறுந்த உடனே செல் சாகாது, நல்லாத்தான் இருக்கும், அடுத்த தடவை ரெண்டா பிரியணும்னு வர்றப்போ தான் சாகும். அதனால உடம்புல எது வேகமா பிரிஞ்சு புதுசாகுதோ அது முதல்ல போகும், குடலோட உள் தோல், எலும்பு மஜ்ஜை, முடி வேர். ரத்தம் ஊறற ஊத்து வறண்டுடும். முதல் நாள் வாந்தி, அப்புறம் ரெண்டு மூணு நாள் தேறின மாதிரி இருக்கும், பேசுவாங்க, சிரிப்பாங்க, சாப்பிடக் கூட செய்வாங்க, உள்ள இருக்கற பழைய செல்லெல்லாம் தீர்ற வரைக்கும். ஸ்லோட்டினோட அப்பா அம்மாவை ராணுவ விமானத்துல கூட்டிட்டு வந்தாங்க, அவங்க வந்தப்போ மகன் பேசிட்டு தான் இருந்தார். கை ரெண்டும் வீங்கி கொப்புளம், அப்புறம் குடல் வேலை நிறுத்திடுச்சு, ஏழாவது நாள்ல புத்தி தடுமாற ஆரம்பிச்சு, நினைவு போய், ஒன்பதாவது நாள், மே 30, முடிஞ்சுது. வயசு 35.

இந்த ஒன்பது நாளும் மணிக்கு மணி எழுதி வெச்சிருக்காங்க. காய்ச்சல் எவ்வளவு, வெள்ளை அணு எவ்வளவு, எப்ப என்ன வலி, எவ்வளவு மார்பின். கூடவே டாக்டர்கள், நர்ஸ், ரத்தம் கொடுக்க வரிசையில நின்ன நண்பர்கள். ஒரு ஆளுக்கு. அதைப் படிச்சிட்டே வர்றப்போ தான் எனக்கு அந்த ஸ்கூல் புக் நம்பர் திரும்ப ஞாபகம் வந்துச்சு. ஹிரோஷிமாவுல 1945 முடியறதுக்குள்ள சுமார் 1,40,000 பேர், நாகசாகியில 70,000க்கு மேல. பாதிக்கு மேல தீயிலயும் இடிபாட்டுலயும் போனவங்க, ஆனா மீதிப் பேர்ல எத்தனை பேருக்கு இதே ஒன்பது நாள், இதே 25 நாள், சார்ட் இல்லாம, மார்பின் இல்லாம, நகரத்துல இருந்த டாக்டர்கள், நர்ஸுகள்ல பெரும்பாலானவங்க ஏற்கனவே செத்தோ காயப்பட்டோ கிடக்கறப்போ, பள்ளிக்கூடத் தரையில பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு. அம்மா தேறிட்டா, அண்ணன் தேறிட்டான், சாப்பிடறான்னு சந்தோஷப்பட்டிருப்பாங்க, அந்த ரெண்டு மூணு நாள் தெளிவைப் பார்த்து. அதை நினைச்சா தான் எனக்கு என்னமோ பண்ணும்.

பொழைச்சவங்க கதை தனி. 1947ல அமெரிக்கா ஒரு ஆராய்ச்சிக் கமிஷனை ஹிரோஷிமாவுல திறந்துச்சு, ஜீப் அனுப்பி கூட்டிட்டுப் போய், ரத்தம் எடுத்து, துணி இல்லாம நிக்க வெச்சு போட்டோ எடுத்து அனுப்பிடுவாங்க, வைத்தியம் கிடையாது. சோதனை எலி மாதிரி எங்களைப் பார்த்தாங்கன்னு பாதிக்கப்பட்டவங்க சொன்னது இன்னும் காதுல விழுது. ஆனா ரேடியேஷனால கேன்சர் எப்படி வருதுன்னு இன்னைக்கு உலகத்துக்குத் தெரிஞ்சதுல பெரும்பங்கு அந்த மக்கள் உடம்புலேர்ந்து தான் தெரிஞ்சுது, எக்ஸ்ரே எடுக்கற ரூமோட பாதுகாப்பு அளவு வரைக்கும். ரத்தப் புற்றுநோய் ரெண்டு மூணு வருஷத்துல தலைகாட்டி ஆறேழு வருஷத்துல உச்சம் போச்சு. அவங்களுக்குப் பின்னாடி பிறந்த புள்ளைங்க கிட்ட பரம்பரையா வர்ற பாதிப்பு எதுவும் ஆராய்ச்சியில தெளிவா தெரியல, ஆனா அந்த பயத்துலயே அந்தக் குடும்பத்துப் பொண்ணைக் கட்ட மாட்டோம்னு எத்தனை கல்யாணம் நின்னுச்சு. அந்த ஊர்ல இருந்தேன்னு வெளிய சொல்லாமலே வாழ்ந்து முடிச்சவங்க ஏராளம்.

திரும்ப அந்த ரூமுக்கு வர்றேன். ஸ்லோட்டினுக்குப் பின்னாடி ஒட்டி நின்ன ஆல்வின் கிரேவ்ஸ் என்ன ஆனார்? ஸ்லோட்டினோட உடம்பே அவருக்குச் சுவரா நின்னுச்சு, நியூட்ரான்ல ஒரு பகுதியை அது வாங்கிக்கிச்சு. வாரக்கணக்கா ஆஸ்பத்திரியில இருந்தார், முடி கொட்டுச்சு, பொழைச்சிட்டார். அப்புறம்? அணு ஆயுத சோதனைகளை நடத்தற வேலையில மேல மேல போனார். 1954 மார்ச் 1, பசிபிக் கடல்ல இருக்கற பிக்கினி தீவுல நடந்த பிராவோ ஹைட்ரஜன் குண்டு சோதனைக்கு அறிவியல் பக்கத்துத் தலைவர் அவர் தான். இதை முதல்ல படிச்சப்போ ஏதோ பேர் குழப்பம்னு நினைச்சு ரெண்டு தடவை சரி பார்த்தேன். அதே ஆள்.

பிராவோவுல 6 மெகாடன் எதிர்பார்த்தாங்க, வெடிச்சது 15. குண்டுல இருந்த லித்தியத்துல லித்தியம் 7ங்கற ஒரு வகை சும்மா இருக்கும்னு கணக்குப் போட்டிருந்தாங்க, அது சும்மா இல்ல, அதுவும் உடைஞ்சு எரிபொருளாகிடுச்சு. ஹிரோஷிமாவோட ஆயிரம் மடங்கு. காத்து கிழக்கால அடிச்சுது, நொறுங்கின பவளப்பாறை வெள்ளைப் பொடியா ரோங்கலாப் தீவு மேல விழுந்துச்சு, குழந்தைங்க அதை உடம்புல பூசி விளையாடினாங்க. ராணுவம் வந்து அவங்களைக் கூட்டிட்டுப் போக ரெண்டு நாளாச்சு. கடல்ல ஒரு ஜப்பான் சூரை மீன் படகு, பேரு அதிர்ஷ்ட டிராகன், 23 பேர், விடியற நேரத்துல மேற்கால சூரியன் உதிச்ச மாதிரி வெளிச்சம் பார்த்தாங்க. கொஞ்ச நேரத்துல மேல வெள்ளையா தூவ ஆரம்பிச்சுது, வலையை இழுத்துக்கிட்டே மணிக்கணக்கா நனைஞ்சாங்க, சிலர் நாக்குல வெச்சுப் பார்த்தாங்களாம் என்னன்னு. ரெண்டு வாரம் கழிச்சு கரைக்கு வந்தப்போ முகமெல்லாம் கருத்துப் போயிருந்துச்சு. ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா அய்கிச்சி, வயசு 40, செப்டம்பர் 23ஆம் தேதி இறந்து போனார். அமெரிக்க தரப்பு அது கல்லீரல் அழற்சின்னு சொல்லிச்சு. ஜப்பான் டாக்டர்கள் ஒத்துக்கல.

ஒரு பக்கம் டிராகன் வாலைச் சீண்டறதுன்னு பேர் வெச்ச லேப், இன்னொரு பக்கம் அதிர்ஷ்ட டிராகன்னு பேர் வெச்ச படகு. கதையில எழுதினா ஓவரா இருக்குன்னு சொல்லுவாங்க.

ஸ்லோட்டினுக்கு அப்புறம் கையால தொட்டு இந்த வேலை செய்யறதை நிறுத்திட்டாங்க, கால் மைல் தள்ளி உக்காந்து கேமராவுல பார்த்து மெஷின் வெச்சு தான். உருண்டைக்கு ரூபஸ்னு ஒரு செல்லப் பேர் இருந்துச்சு, விபத்துக்கு அப்புறம் பேய்க் கருன்னு ஆயிடுச்சு. 1946 கோடையில பிக்கினி சோதனையில வெடிக்க அனுப்பறதா இருந்தாங்க, கதிர்வீச்சு கொஞ்சம் அடங்கட்டும்னு அந்த வரிசையில மூணாவது சோதனைக்குத் தள்ளிப் போட்டாங்க, அப்புறம் அந்த மூணாவது சோதனையே ரத்தாச்சு. கடைசியில உருக்கிட்டாங்க. அத்தனை செலவு பண்ணி தயாரிச்ச புளூட்டோனியத்தைத் தூக்கிப் போடுவாங்களா, மத்த புளூட்டோனியத்தோட கலந்து வேற குண்டுகளுக்கு உள்கருவா வார்த்தாங்க. அது பின்னாடி ஏதாவது சோதனையில தீர்ந்து போகலைன்னா, எங்கயாவது கிடங்குல துண்டு துண்டா இருக்கும். புளூட்டோனியம் பாதியாக 24,100 வருஷம் ஆகும். இந்த 80 வருஷத்துல 6.2 கிலோவுல குறைஞ்சிருக்கறது 15 கிராம் கூட இருக்காது, தொட்டா இன்னும் வெதுவெதுன்னு தான் இருக்கும்.